டைப் 1 சர்க்கரை நோய்: சாப்பாட்டைக் குறைத்தால் சுகர் இறங்குகிறது, சாப்பிட்டால் எடை ஏறுகிறது. எங்கே ஆரம்பிப்பது?

தாமிரா_27

வணக்கம். டைப் 1 விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். பெண், வயது 27, உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ. இரவு 10 மணிக்கு லாண்டஸ் (நீண்ட நேர இன்சுலின்) 24 யூனிட். சாப்பாட்டுக்கு நோவோராபிட் (வேக இன்சுலின்) காலை 8, மதியம் 10, இரவு 8. சாப்பாடு கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறாது. கடைசி ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்) 7.6. கண், சிறுநீரகம் இரண்டும் இந்த வருடம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது.

8 கிலோ குறைக்க வேண்டும். மதியம் சோற்றைப் பாதியாக்கினால் 4 மணிக்குள் சுகர் 60க்கு வந்துவிடுகிறது. 5.30க்கு நடக்கப் போனாலும் அப்படித்தான். இறங்கினால் மாம்பழ ஜூஸ், பிஸ்கட் என்று கையில் கிடைப்பதெல்லாம் உள்ளே போகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலை 3 மணிக்கு வியர்த்து எழுந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. 11 மணிக்கும் 4 மணிக்கும் ஏதாவது சாப்பிடாமல் நிற்க முடியாது.

‘இன்சுலினைக் குறைத்தால் எடை தானாகக் குறையும்’ என்கிறார் ஒருவர். ‘மாவுச்சத்தை ஒதுக்கிப் பேலியோ இரு’ என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பேசல்_போலஸ்

சகோதரி, முதலில் அந்த ‘இன்சுலினைக் குறை’ பேச்சு. அதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று ஆளைக் கொல்லும், மற்றொன்று உங்களுக்குத் தேவை.

கொல்லும் வழி: உடம்புக்குத் தேவையான ஊசியையே விடுவது. ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் குளுக்கோஸைச் சிறுநீரில் விடத் தொடங்குகிறது. கூடவே தண்ணீர் போகும், தசையும் கரையும். தராசில் முள் இறங்கத்தான் செய்யும். ஆனால் இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனாகக் கொட்டும். ரத்தம் அமிலமாகி, வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு என்று ஐசியூவில் போய் முடியும். அதுவரை போகாவிட்டாலும் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் சீக்கிரமே கெடும். எடைக்காக ஊசியை விடும் இந்தப் பழக்கத்துக்கு டயபுலிமியா என்று பெயரே உண்டு, இளம்பெண்களிடம் அதிகம். இதைப் படிப்பவர் யாராவது அப்படிச் செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு வாங்க வேண்டிய விஷயமே இல்லை. மருத்துவமும் மனநல உதவியும் சேர்ந்து கிடைக்க வேண்டிய நிலை அது.

உங்களுக்குத் தேவையானது: தேவைக்கு மேல் போட்டுக்கொண்டிருக்கும் யூனிட்டைக் கழற்றுவது. 11 மணி, 4 மணி, விடியற்காலை 3 மணி, மூன்றுமே ஊசிக்காகச் சாப்பிடுகிற சாப்பாடு. பேசல் (சாப்பிடாவிட்டாலும் வேண்டிய அடிப்படை இன்சுலின், உங்களுக்கு லாண்டஸ்) அளவு சரியாக இருக்கிறவர் ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் சுகர் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்க வேண்டும். உங்களுக்கு நிற்கவில்லை.

கலோரியாகப் பாருங்கள். லோ சுகரைச் சரிசெய்ய வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், அதாவது 60 கலோரி. ஒரு சின்ன ஜூஸ் பாக்கெட்டும் ஆறு பிஸ்கட்டும் சேர்ந்தால் 250ஐத் தாண்டும். ஒரு நாளில் இரண்டு தடவை இது நடந்தால் 500 கலோரி. எடை குறைக்க ஒரு நாளைக்கு நாம் குறைக்கப் பார்ப்பதே அந்த 500தான். ஆகவே உங்கள் டயட் லோ சுகரை நிறுத்துவதில் தொடங்குகிறது, சோற்றில் கை வைப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் வேலை நடக்காது.

லோ வந்தால் எடுக்க: கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடரைச் சமையலறைத் தராசில் 15 கிராம் 15 கிராமாக நிறுத்து, சின்ன ஜிப் கவரில் போட்டு, கைப்பை, வண்டி, தலையணைப் பக்கம் என்று வையுங்கள். சுகர் 70க்குக் கீழே வந்தால் ஒரு கவர், தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் பொறுங்கள். விரலில் குத்திப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழ் என்றால் இன்னொரு கவர். அந்த 15 நிமிடம்தான் கஷ்டமே. சர்க்கரை ரத்தத்துக்கு வந்தாலும் மூளை அடங்கச் சற்று நேரமாகும், அதற்குள் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். அளந்த கவர் பக்கத்தில் இருந்தால் அது நடக்காது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். 54க்குக் கீழே போனால் யோசிக்காமல் முதலிலேயே கூடுதலாக எடுங்கள். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து பேசல் சோதனை. இதை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அன்று உடற்பயிற்சி வேண்டாம். இரவுச் சாப்பாடு 7 மணிக்கு, எண்ணெய் குறைவாக, நீங்கள் சரியாக அளக்கக்கூடிய ஏதாவது. அதற்கான நோவோராபிட்டும் அப்போதே. 11 மணிக்கு அந்த ஊசியின் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். 11, 3, 6 மணிக்குச் சுகர் பாருங்கள். 11 மணிக்கு 100க்குக் கீழோ 250க்கு மேலோ இருந்தால் அன்று சோதனையை விட்டுவிடுங்கள். நடுவில் 70க்குக் கீழ் போனால் உடனே குளுக்கோஸ், சோதனை முடிந்தது, பதிலும் கிடைத்துவிட்டது. 11க்கும் 6க்கும் நடுவே 30க்கு மேல் இறங்கினால் பேசல் அதிகம். 10 சதவீதம் குறைத்து, அடுத்த மாற்றத்துக்கு முன் மூன்று நாள் விட வேண்டும். லாண்டஸின் புதிய அளவு உடம்பில் நிலைக்க அவ்வளவு நாள் ஆகும். தினம் ஒரு அளவாக மாற்றுகிறவர்களுக்கு எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

பகல் பேசலுக்கும் இப்படியே: ஒரு ஞாயிறு காலைச் சாப்பாட்டையும் அதற்கான ஊசியையும் விட்டு, 7 மணியிலிருந்து மதியம் வரை இரண்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கள். லாண்டஸ் மட்டும் வழக்கம்போல.

பிறகு சாப்பாட்டு ஊசி. உங்கள் மொத்தம் ஒரு நாளைக்கு 50 யூனிட். 500ஐ 50ஆல் வகுத்தால் 10. ஒரு யூனிட் சுமார் 10 கிராம் மாவுச்சத்தைத் தாங்கும் என்பது தொடக்கக் கணக்கு. 1800ஐ 50ஆல் வகுத்தால் 36. ஒரு யூனிட் சுகரை அவ்வளவு இறக்கும். இரண்டும் மதிப்பீடுதான், ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். பலருக்குக் காலையில் யூனிட் கூடுதலாக வேண்டியிருக்கும். மதியம் நீங்கள் போடுகிற 10 யூனிட் 100 கிராம் மாவுச்சத்துக்கானது. சோற்றைப் பாதியாக்கிய அன்று உள்ளே போனது 60 கிராம்தான். மிச்சம் 4 யூனிட்டுக்கு வேலையே இல்லை. 4 மணிக்கு 60 வந்தது அதனால்தான்.

இதைப் படிக்கிற மிக்ஸ்டார்ட் மாதிரி கலவை இன்சுலின்காரர்களுக்கு: அதில் இரண்டு இன்சுலினும் ஒரே குப்பியில் இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்றைக் குறைக்க முடியாது. நடுப்பகலில் அது உச்சத்துக்கு வரும், அப்போது சாப்பிட்டே ஆக வேண்டும். எடை குறைக்கத் தொடங்கும் முன் பேசல், போலஸ் (சாப்பாட்டு இன்சுலின்) தனித்தனியாக மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குப்பியில் எடுப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும்.

அடுப்படிக்_கணக்கு

மேலே சொன்னதோட சாப்பாட்டுப் பக்கத்தை நான் சொல்றேன்மா.

ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிடுங்க. கரண்டிக் கணக்கு வேலைக்காகாது, ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு சைஸ். வடிச்ச சோறு 100 கிராம்ல மாவுச்சத்து சுமார் 28 கிராம், 130 கலோரி. தட்டுல நாம சாதாரணமா போட்டுக்கிறது 300 கிராம், அதாவது 84 கிராம் மாவுச்சத்து. அதை 150ஆ ஆக்குங்க: 42 கிராம். சாம்பார் ஒரு கிண்ணம் 10, 12 கிராம். பொரியல் 5, 6. மொத்தம் 60 பக்கம் வரும், உங்க கணக்குக்கு 6 யூனிட். நடுத்தர இட்லி ஒண்ணு 10லேருந்து 12. முப்பது கிராம் மாவுல போட்ட சப்பாத்தி 20. பரோட்டா ஒண்ணே 40ஐத் தாண்டும், எண்ணெய் வேற.

கேழ்வரகு, தினை, சாமைன்னு மாறினா மாவுச்சத்து போயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. போகாது. கேழ்வரகு மாவுல 100 கிராமுக்கு 70 கிராம் பக்கம் மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் கால்சியமும் நல்லா இருக்கு, அதுக்காகச் சாப்பிடுங்க. ஆனா களிக்கும் கூழுக்கும் எடை பார்த்துத்தான் ஊசி போடணும். கூழாக் கரைச்சா இன்னும் வேகமா ஏறும்.

உங்க உயரம், எடை, வயசுக்கு எடை கூடாம குறையாம நிக்க ஒரு நாளைக்கு 1900, 2000 கலோரி ஆகும். 1500 பக்கம் வைங்க. 1200க்குக் கீழ போகாதீங்க. தசை போகும், பசி தாங்காம மொத்தமா விட்டுருவீங்க. வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சாலே நல்ல வேகம். 72ல 5 சதவீதம்னா மூணரைக் கிலோ. அந்த அளவுக்கே பலருக்கு ஊசித் தேவை இறங்கத் தொடங்கிடும்.

மாவுச்சத்தைக் குறைக்கிறோம்னு எல்லாரும் சோத்துலயே கண்ணா இருப்பாங்க. நம்ம வீட்டுக் கலோரி ஒளிஞ்சிருக்கிறது எண்ணெயிலயும் தேங்காயிலயும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்கு மேல. எண்ணெய்க்கு ஊசி தேவைப்படாததால அது கணக்குலயே வராம போயிடுது. ஒரு ஆளுக்கு மாசம் அரை லிட்டர்னு ஒதுக்கி, பாட்டில்ல தேதி எழுதி வைங்க. இருபதாம் தேதியே தீர்ந்தா எங்க தப்புன்னு உங்களுக்கே தெரியும். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் நாலு நாள் புதினா, தக்காளி. பால் ஆவின் பச்சை பாக்கெட்ல கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்துல 3. ஒரு நாளைக்கு அரை லிட்டர் புழங்கற வீட்டுல இந்த மாற்றமே நல்ல வித்தியாசம்.

புரதம் ஒரு நாளைக்கு 70, 75 கிராம் வரணும். சைவம்னா ரொம்பத் திட்டம் போடணும். முட்டை ரெண்டு 12 கிராம், மீன் 100 கிராம்ல 18, 20. சோயா உருண்டை உலர்ந்தது 25 கிராம்ல 13. கொண்டைக்கடலை உலர்ந்தது 40 கிராம் ஊறவெச்சுச் சுண்டலாக்கினா 8 கிராம் புரதம், கூட 24 கிராம் மாவுச்சத்தும் இருக்கு, மறந்துடாதீங்க. சிறுநீர்ல அல்புமின்ங்கிற புரதம் போறவங்க புரதத்தைக் கூட்டக் கூடாது, கிலோவுக்கு 0.8 கிராம்னு டாக்டர் சொல்ற அளவுல நிக்கணும்.

வெண்பொங்கல் தனிக் கதை. நெய் வயித்துல சோத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். முழு ஊசியும் சாப்பிடறதுக்கு முன்னாடியே போட்டா முதல் ஒரு மணி நேரத்துல இறங்கி, மூணு மணி நேரம் கழிச்சு 250 காட்டும். முன்னாடி பாதிக்குச் சற்று மேல, ஒரு மணி நேரம் கழிச்சு சுகர் பார்த்துட்டு மிச்சம்னு பிரிச்சுப் போடறவங்க உண்டு; எவ்வளவுன்னு ரெண்டு மூணு தடவை எழுதிப் பார்த்துத்தான் முடிவு பண்ண முடியும். மத்த நாள்ல நோவோராபிட்டைச் சாப்பாட்டுக்கு 10, 15 நிமிஷம் முன்னாடி போடுங்க. சாப்பிட்டுட்டுப் போட்டா முதல்ல ஏறும், அப்புறம் மொத்தமா இறங்கும். இறங்கினா மறுபடி பிஸ்கட்.

தாமிரா_27

ரொம்ப நன்றி. மதியம் 4 யூனிட் சும்மா போய்க்கொண்டிருந்தது இப்போதுதான் புரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி. நடையைக் காலைக்கு மாற்றலாமா? எடை தூக்கும் பயிற்சி செய்யலாமா? பேலியோ பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

கரளாக்கட்டை

காலை நடை நல்ல யோசனை, அக்கா. சாப்பிடும் முன் உடம்பில் சாப்பாட்டு ஊசி எதுவும் ஓடாது, பேசல் மட்டும்தான். அதனால் பலருக்கு இறக்கம் குறைவு. மாலை 5.30க்கு உங்களுக்கு மதிய ஊசியின் வாலும் 24 யூனிட் லாண்டஸும் சேர்ந்து இழுக்கின்றன. நடக்கும்போது தசை இன்சுலின் உதவியில்லாமலே குளுக்கோஸை உறிஞ்சும், போட்ட இன்சுலினோ தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

தொடங்கும்போது சுகர் 126லிருந்து 180க்குள் இருந்தால் நல்லது. 90க்குக் கீழ் என்றால் 10லிருந்து 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 90ஐத் தாண்டின பிறகே கிளம்புங்கள். 90லிருந்து 125 என்றால் 10 கிராம் போதும். 270க்கு மேல், ஏன் ஏறியது என்றும் தெரியவில்லை என்றால் முதலில் கீட்டோன். ரத்தக் கீட்டோன் 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று நடை கிடையாது. இன்சுலின் போதாத உடம்பை ஓடவிட்டால் சுகரும் கீட்டோனும் இன்னும் ஏறும்.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நடப்பதாக இருந்தால் அந்த வேளை ஊசியைக் குறைக்க வேண்டும். அரை மணி நேர மெது நடைக்குக் கால் பங்கு, வேக நடைக்குப் பாதி. ஒரு மணி நேர வேக நடை என்றால் முக்கால் பங்கு வரைகூடக் குறைக்க வேண்டிவரும். நடைக்கு முன் கூடுதலாகச் சாப்பிடுவதைவிட ஊசியை முன்கூட்டியே குறைப்பதுதான் எடைக்கு நல்லது. 45 நிமிட வேக நடையில் உங்கள் எடைக்குச் செலவாவது சுமார் 200 கலோரி. அதற்காக ஒரு ஜூஸும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டால் நடந்ததே வீண்.

எடைப் பயிற்சி கட்டாயம் வேண்டும். கலோரி குறைக்கும்போது தசையைக் காப்பது அதுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது, ஒவ்வொன்றும் 10 தடவை, மூன்று சுற்று. நடையும் அன்றே என்றால் எடையை முதலில் முடித்துவிட்டு நடங்கள். அந்த வரிசையில் சுகர் குறைவாகவே இறங்கும். கடுமையான எடையிலும் வேக ஓட்டத்திலும் அட்ரினலின் சுரந்து சுகர் சற்று நேரம் ஏறலாம். 220 வந்துவிட்டதே என்று முழு யூனிட்டும் போடாதீர்கள், பெரும்பாலும் தானாக இறங்கும். போட்டே ஆக வேண்டுமானால் பாதி.

பயிற்சி முடிந்தும் அதன் பிடி விடாது. வெறுமையான தசை இரவு முழுக்கச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். மாலையில் கடுமையாகச் செய்த நாட்களில் இரவு பேசலை 20 சதவீதம் வரை குறைக்கச் சொல்வார்கள். உங்கள் 3 மணி லோ எந்தெந்த நாள் வருகிறது என்று நடைநாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்ணில் ரத்தக்கசிவு அபாயம் உள்ள ரெட்டினோபதி இருப்பவர்கள் மூச்சைப் பிடித்து எடை தூக்கக் கூடாது. உங்களுக்கு அது இல்லை, இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

கொங்கு_பேலியோ

சகோ, டைப் 2க்குப் பேலியோவில் மாத்திரையே நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். டைப் 1க்கு மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்? மாவுச்சத்து இல்லையென்றால் ஊசியும் குறையும், ஊசி குறைந்தால் எடை குறையும். நேரான கணக்குதானே?

வெண்சங்கு

கணக்கு நேராகத்தான் தெரியும், டைப் 1ல் அது மூன்று இடத்தில் இடறும்.

ஒன்று, டைப் 2ல் கணையம் இன்சுலினைக் கொஞ்சமாவது சுரக்கும். அந்தக் கொஞ்சமே கீட்டோனைக் கட்டுக்குள் வைக்கப் போதும். டைப் 1ல் அந்தப் பாதுகாப்பு இல்லை. ரத்தக் கீட்டோன் 0.6க்குக் கீழ் இயல்பு, 1.5க்கு மேல் ஆபத்து தொடங்குகிறது, 3க்கு மேல் அவசரச் சிகிச்சை. கடும் பேலியோவில் இருப்பவருக்குச் சாதாரணமாகவே 1, 2 என்று காட்டும். ஒரு காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அது டயட் கீட்டோனா, அமில ரத்தத்தின் தொடக்கமா என்று பிரித்தறிவது வீட்டில் இருப்பவரால் ஆகாது.

இரண்டு, மாவுச்சத்தே இல்லாத வேளையில் புரதமும் சுகரை ஏற்றும், மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்து. நாலு முட்டை, கால் கிலோ சிக்கன் சாப்பிட்டு ‘கார்ப் பூஜ்ஜியம்’ என்று ஊசியே போடாமல் விட்டால் இரவு 2 மணிக்கு 240 நிற்கும்.

மூன்று, கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைந்துவிட்டால் கடும் லோவுக்குப் போடும் குளுக்ககான் ஊசி சரியாக வேலை செய்யாது.

மாவுச்சத்தை மிதமாகக் குறைப்பதை நான் எதிர்க்கவில்லை. தாமிராவுக்கு ஒரு நாளைக்கு 130லிருந்து 150 கிராம் போதும், மூன்று வேளைக்குச் சமமாகப் பிரித்தால் ஊசிக் கணக்கும் எளிது. அதற்கும் கீழே போக விரும்புகிறவர் சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரும் ரத்தக் கீட்டோன் மீட்டரும் வைத்துக்கொண்டு, தன் டாக்டருக்குத் தெரிந்து செய்ய வேண்டும். விரதம் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: சஷ்டியோ நோன்போ, பேசல் ஊசியை நிறுத்தவே கூடாது. எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். 70க்குக் கீழ் போனால் விரதம் அங்கேயே முடிகிறது.

மருந்துகளைப் பற்றி யாரும் இங்கே கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை வீட்டில் டைப் 2 இருக்கிற அப்பாவிடம் இருக்கும். அதை எடுத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று டைப் 1 யாரும் நினைக்கவே வேண்டாம். அது சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் மீட்டரில் 150 என்று அழகாகக் காட்டும், உள்ளே கீட்டோன் 4ஐத் தாண்டிக்கொண்டிருக்கும். எண் நன்றாக இருப்பதால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் தாமதமாகும். ஐரோப்பாவில் 2019ல் எடை கூடிய டைப் 1காரர்களுக்கு 5 மி.கி. அனுமதித்தார்கள், 2021ல் அந்தப் பயன்பாடு திரும்பப் பெறப்பட்டது. மவுன்ஜாரோ, வெகோவி போன்ற வார ஊசிகள் டைப் 1க்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல. சில நிபுணர்கள் தேர்ந்தெடுத்த சிலருக்குத் தங்கள் கண்காணிப்பில் தருகிறார்கள். பசி திடீரென்று அடங்கும்போது, நோவோராபிட் போட்ட பிறகு சாப்பிட முடியாமல் குமட்டினால் லோ வரும். அதற்குப் பயந்து இன்சுலினை அதிகம் வெட்டினால் கீட்டோன் வரும். ஆன்லைனில் வாங்கிப் போடுகிற பொருளல்ல. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பொறுத்தவரை, டைப் 1ல் 2017ல் வெளியான ரிமூவல் (REMOVAL) என்ற ஆய்வில் எடை சற்றுக் குறைந்தது, ஏ1சியில் நிலைத்த பலன் கிடைக்கவில்லை.

தாமிரா, டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தச் சோதனை) பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் பாருங்கள். டைப் 1 இருப்பவர்களுக்குத் தைராய்டு குறைவு அதிகம் வரும், அது இருந்தால் எடை அசையாது. மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) பற்றியும் கேளுங்கள். ஊசி போடும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தொப்புளைச் சுற்றி ரப்பர் மாதிரி தடித்திருந்தால் அங்கே போடும் இன்சுலின் ஒரு நாள் உறிஞ்சாது, மறுநாள் மொத்தமாக இறங்கும். புது இடத்துக்கு மாறும்போது அதே அளவு கூடுதலாக வேலை செய்யும், டாக்டரிடம் கேட்டுக் குறைத்துத் தொடங்குங்கள். இதைச் சரிபார்க்காமல் பேசல் சோதனை செய்தால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

தாமிரா_27

இடது பக்கம் தடித்துத்தான் இருக்கிறது. இரண்டு நாளாகத் தொடைக்கு மாறிவிட்டேன். டாக்டரிடம் பேசிவிட்டு நேற்று இரவுச் சோதனை செய்தேன். 7 மணிக்கு மூன்று இட்லி, சாம்பார், 4 யூனிட். நடை இல்லை. 11 மணிக்கு 148, 3 மணிக்கு 92, 6 மணிக்கு 84. எதுவும் சாப்பிடவில்லை.

பேசல்_போலஸ்

64 இறங்கியிருக்கிறது. 148இல் தொடங்கியதால் தப்பித்தீர்கள், 110இல் படுத்திருந்தால் 3 மணிக்கு எழுந்திருப்பீர்கள்.

24லிருந்து 22. 10 சதவீதம் கணக்குப் போட்டால் 21.6, முழு யூனிட் பேனாவில் 22 சரி. டாக்டர் வேறு எண் சொன்னால் அதுவே. தொடைக்கு மாறியதாலும் இறக்கம் கூடியிருக்கலாம், அதனால் இனிப் பேசலைத் தொடையிலேயே போடுங்கள், இடத்துக்கு இடம் தாவ வேண்டாம். தொடைக்குள்ளேயே ஒவ்வொரு நாளும் இரண்டு விரல் தள்ளி. 4 மி.மீ. ஊசி வையுங்கள், எடை இறங்கிக் கொழுப்பு மெலியும்போது 8 மி.மீ. தசைக்குள் போய்விடும்.

மூன்று இரவு 22இல் இருந்துவிட்டு நான்காம் இரவு மறுபடி சோதனை. 30க்குள் நின்றால் அந்த அளவு சரி. இன்னும் இறங்கினால் 20. 6 மணிக்கு மட்டும் ஏறிக் காட்டினால் அது விடியற்கால ஹார்மோன் வேலை, அதற்காக மறுபடி 24க்குப் போகாமல் இங்கே வந்து எழுதுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரமாக இருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். அப்போது பலருக்கு இன்சுலின் கூடுதலாக வேண்டியிருக்கும், தண்ணீர் தேங்கி எடையும் ஒன்று, ஒன்றரைக் கிலோ கூடித் தெரியும்.

இரவு நிலைத்த பிறகு பகல் சோதனை. அது முடிந்ததும் 11 மணி, 4 மணித் தீனியை நிறுத்துங்கள், மதியச் சோற்றை 150 கிராமாக்கி 6 யூனிட். அதற்கு முன் வேண்டாம். ஒவ்வொரு இரண்டு, மூன்று கிலோ இறங்கியதும் இரவுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், எடை குறையக் குறையப் பேசல் தேவையும் இறங்கும். வாரத்துக்கு ஒரு நாள், காலையில், ஒரே தராசில் நிறுத்து, பக்கத்திலேயே அந்த வாரம் எத்தனை லோ என்றும் எழுதி வையுங்கள். முதல் மாதம் நான் பார்க்கப்போவது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.